கழுத்திலிருந்து எடுத்தது

நவம்பர் 12, சொல்போ

தல்சுவுக்கு,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அங்கேயும் தொடங்கியிருக்கும். கம்பளி போதவில்லை என்றால் கேட்டு வாங்கிக்கொள். வாய் திறந்து கேட்பது உனக்கு வராது என்று தெரியும்.

நீ சிறைக்குப் போன இந்த இரண்டு வருடத்தில் அனுப்பிய பதினோரு கடிதங்களும் வந்து சேர்ந்தன. இது அவற்றுக்குப் பதில் இல்லை. எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும், அது உனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்பா படகில் இறந்தபோது நீதான் கூட இருந்தாய். நான் சிப்பி உரிக்கும் கூடத்தில் வேலையாக இருந்தேன். "திடீரென்று போய்விட்டார்" என்பதற்கு மேல் யாரும் எனக்குச் சொல்லவில்லை. எப்படிப் போனார்? நெஞ்சைப் பிடித்தாரா? கை மரத்ததா? பேச்சு குழறியதா? ஒரு படிவத்தில் நிரப்ப வேண்டியிருக்கிறது.

அதை மட்டும் எழுதி அனுப்பு.

யோன்சில்

*

நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா? உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்கத் துணிவு வரவில்லை. மதியச் சாப்பாடு முடிகிற வரை சட்டைக்குள் வைத்திருந்தேன். கம்பளி போதும். கேட்டதற்கு நன்றி.

அப்பாவைப் பற்றி. அன்று கடலில் சிப்பி வளர்க்கும் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தோம். நடுவில் கயிற்றை விட்டுவிட்டு உட்கார்ந்தார். "தல்சு, நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்குடா" என்றார். நான் சிரித்தேன். "நேத்து குடிச்சது இன்னும் எறங்கலையா?" என்று கேட்டேன். இடது கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. கரைக்குத் திருப்பினேன். வழியில் ஒரு தடவை உங்கள் பெயரைச் சொன்னார். கரை சேர்வதற்குள் முடிந்துவிட்டது. வயது அறுபத்து மூன்று. சிரித்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அக்கா, எந்தப் படிவம்? யாருக்கு?

என் பட்டறை எரிந்து அத்தான் இறந்துபோன நாளுக்குப் பிறகு நீங்கள் என்னிடம் கேட்ட முதல் காரியம் இது. எதுவானாலும் இன்னும் கேளுங்கள்.

உங்கள் தம்பி தல்சு

*

டிசம்பர் 8, சொல்போ

தல்சுவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம்தான். அப்பா என் பெயரைச் சொன்னார் என்பதை இருபது வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

இந்த வருடம் சிப்பி நன்றாகப் பருத்திருக்கிறது. கூடத்தில் பதினெட்டுப் பேர் நிற்கிறோம். எனக்குப் பக்கத்தில் லியென் என்று ஒரு வியட்நாம் பெண். இங்கே கல்யாணம் கட்டி வந்தவள். கை மின்னல், வாய் அதைவிட மின்னல். "அக்கா, நீங்க மூணு சிப்பி உரிக்கிறதுக்குள்ள நான் பிள்ளையே பெத்துடுவேன்" என்கிறாள். முன்பெல்லாம் என்னை யாராலும் முந்த முடியாது. இப்போது கத்தி நழுவுகிறது. போன வாரம் இடது கண்ணில் கடையின் ஷட்டரை இழுத்து விட்டது போல மேலிருந்து இருட்டு இறங்கியது. ஐந்து நிமிடத்தில் தானாகவே ஏறிவிட்டது. கொதிகலன் ஆவி பட்டிருக்கும்.

உன் பட்டறையில் செய்தது போன்ற, சிப்பிக் கயிற்றைத் தாங்கும் தெர்மாகோல் மிதவைகளைப் புதிதாக யாரும் கடலில் போடக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. கெட்டியான நீல மிதவை வந்திருக்கிறது. ஆனால் பழையது போன பாடில்லை. காற்று பலமாக அடித்தால் மறுநாள் கரையெல்லாம் வெள்ளை மணி. பனி பெய்திருக்கிறது என்று லியெனின் பிள்ளை ஓடி வந்து பார்த்து ஏமாந்தது.

வேறு விசேஷம் இல்லை.

யோன்சில்

*

டிசம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தைப் பற்றித்தான் கவலை.

கண்ணில் ஷட்டர் இறங்கினால் அது ஆவி இல்லை. எங்கள் அறையில் ஆறு பேர். அதில் முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டிய ஒருவர் இருக்கிறார். உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டினேன், மன்னியுங்கள். படித்துவிட்டு, "அக்காவுக்கு வலது கையிலதான கத்தி நழுவுது? இடது கண்ணு, வலது கை. கழுத்து ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கும்யா. இன்னைக்கே போகச் சொல்லு" என்றார். "இன்னைக்கே எப்படிப் போகச் சொல்றது? கடிதம் போய்ச் சேரவே நாலு நாள் ஆகும்" என்றேன்.

அந்தப் படிவம் உங்களுக்குத்தானே? ஆஸ்பத்திரிக்கு ஏற்கெனவே போய்விட்டீர்கள், அப்படித்தானே?

தயவுசெய்து ஒரு வரி.

தல்சு

*

ஜனவரி 30

தல்சு அண்ணனுக்கு வணக்கம்,

என் பேரு லியென். எனக்கு எழுத்து நல்லா வராது, தப்பு இருந்தா சிரிக்காதீங்க. உங்க அக்காவுக்கு ஜனவரி 23ல கழுத்துல ஆபரேஷன் ஆச்சு. அக்கா நல்லா இருக்காங்க. பேசுறாங்க. சூப் குடிக்கிறாங்க. உப்பு இல்லேன்னு திட்டுறாங்க. அதனால நல்லா இருக்காங்கன்னு தெரியுது.

வீட்டுல துணி எடுக்கப் போனேன். வாசல்ல உங்க கடிதம் நாலு கிடந்துச்சு. பதில் வராம ஒருத்தர் நாலு கடிதம் போட்டிருக்காரேன்னு எனக்கு மனசு கேக்கல. எங்க அம்மாவுக்கு நானும் அப்படித்தான் எழுதுறேன்.

நான் எழுதினேன்னு அக்காவுக்குத் தெரிஞ்சா சிப்பிக் கத்தியால குத்துவாங்க. சொல்லாதீங்க.

உடம்பைப் பாத்துக்கோங்க.

லியென்

*

பிப்ரவரி 24, சொல்போ

தல்சுவுக்கு,

நலம். உன் கடிதங்கள் மொத்தமாகக் கிடைத்தன. பதில் எழுத நேரம் இல்லை. சந்திரப் புத்தாண்டுக்கு முன்னால் கூடத்தில் வேலை அதிகம் என்று உனக்குத் தெரியாததா?

குளிர் குறையவில்லை. பக்கத்து வீட்டில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தது. புத்தாண்டன்று அரிசி அடை சூப் வைத்தேன், ஒரு கிண்ணம்தான். எனக்கு ஒன்றும் இல்லை. ஆம்புலன்ஸ் ஓட்டியவரெல்லாம் வைத்தியரா? அவரிடம் என் கடிதத்தை இனிமேல் காட்டாதே.

நீ ஒழுங்காகச் சாப்பிடு.

யோன்சில்

*

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்று படித்து மகிழ்ந்தேன். இங்கே காகிதப் பை ஒட்டும் வேலை. பசை கையில் காய்ந்துவிட்டால் உரித்தெடுக்க அரை மணி நேரம். முற்றத்தில் ஒரு மக்னோலியா மரம் மொட்டு விட்டிருக்கிறது. காவலர்கள் கூட நின்று பார்க்கிறார்கள்.

கடிதத்தை இனி யாருக்கும் காட்ட மாட்டேன். வேலைக்கு அவசரப்பட்டுத் திரும்பாதீர்கள். தையல் போட்ட பக்கம் சட்டென்று கழுத்தைத் திருப்ப வேண்டாம். சூப்பில் உப்பு இல்லாவிட்டாலும் குடியுங்கள்.

தல்சு

*

ஏப்ரல் 11, சொல்போ

தல்சுவுக்கு,

பொய் சொல்ல உனக்கு எப்போதும் தெரியாது. உன் கடிதத்தை லியெனின் முகத்துக்கு நேரே பிடித்தேன். "தையலாம், உப்பாம். யாருடி சொன்னது?" என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, "குத்துறதுன்னா தொடையில குத்துங்க, கை வேணும், வேலைக்குப் போகணும்" என்றாள். குத்தவில்லை.

சரி. நடந்ததை எழுதுகிறேன். எனக்கு வலி இல்லை, தையல் ஆறிவிட்டது, அதனால் பதறாமல் படி.

இடது கழுத்துக் குழாய் எண்பது சதவீதம் அடைத்திருந்தது. இதயத்துக்குப் போகும் குழாயிலும் ஒரு இடத்தில் பாதி அடைப்பு, அதை மாத்திரையால் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்பாவைப் பற்றி நீ எழுதியதைத்தான் படிவத்தில் நிரப்பினேன். கழுத்துக்கு அறுவை. அதற்குச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டுமாம். கணவர்? இல்லை. பிள்ளைகள்? இல்லை. கூடப்பிறந்தவர்? நான் பதில் சொல்லவில்லை. படிவத்தை நிரப்பிய நர்ஸ் பேனாவைப் பிடித்தபடியே காத்திருந்தாள். பின்னால் வரிசையில் ஆட்கள். என் பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தவள் லியென்தான். சட்டென்று முன்னால் வந்து, "நான் இவங்க மருமக" என்றாள்.

"மகன் எங்கம்மா?"

"கப்பல்ல."

"எப்ப வருவாரு?"

"அது மீனைப் பொறுத்து."

நர்ஸ் எழுதிக்கொண்டாள். அன்றிரவு ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடி அதை நினைத்துச் சிரித்தேன். சிரித்துவிட்டு அழுதேன். இல்லாத மகனை நினைத்து அழுதேனா என்று தெரியவில்லை.

அறுவைக்கு முதல் நாள் ஒரு இளம் வைத்தியர் வந்தார். கழுத்திலிருந்து எடுக்கும் கொழுப்பைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக்கு அனுப்பலாமா என்று கேட்டார். "அதுல என்ன தேடுவீங்க?" என்றேன். "பிளாஸ்டிக்" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். "கழுத்துக்குள்ள யாரு தம்பி பிளாஸ்டிக் வைப்பா?" அவர் சிரிக்கவில்லை. "தேடிப் பாத்த எடத்துல நெறையப் பேருக்கு இருக்கும்மா" என்றார். கையெழுத்துப் போட்டேன். எடுத்ததைக் காட்டினார்கள். சுண்டு விரல் நுனியளவு, மஞ்சளாக, சிப்பி ஓட்டின் உள்பக்கத்தில் காய்ந்த அழுக்கு போல.

போன வாரம் மறுபரிசோதனைக்குப் போனபோது முடிவு என்ன என்று கேட்டேன். நோயாளிகளுக்குச் சொல்வதில்லை என்றார் அந்த இளம் வைத்தியர். மூன்று தடவை கேட்டேன். இருந்ததாம். கண்ணுக்குத் தெரியாத துகள்கள். "அதனாலதான் அடைச்சுதா?" என்றேன். "தெரியாதும்மா. துகள் இருக்கிறவங்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலா வருதுன்னு ஒரு ஆய்வு சொல்லுது. இதுதான் காரணம்னு இன்னைக்கு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார். தெரியாது என்று சொல்கிற வைத்தியரை இப்போதுதான் பார்க்கிறேன். அதனால் நம்பினேன்.

பல வகை இருந்ததாம். கடைப் பையில் இருப்பது, தண்ணீர்க் குழாயில் இருப்பது. அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

யோன்சில்

*

மே 2

அக்காவுக்கு,

நலம் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நேராகக் கேட்கிறேன். தெர்மாகோல் இருந்ததா?

பையையும் குழாயையும் எழுதிவிட்டு "அவ்வளவுதான்" என்று போட்டிருக்கிறீர்கள். உங்கள் "அவ்வளவுதான்" எனக்குத் தெரியும். சொல்போ வளைகுடாவில் மிதந்த வெள்ளையெல்லாம் என் அச்சில் வார்த்தவை. வெயிலில் உதிர்ந்து, அலையில் அரைபட்டு, சிப்பிக்குள் போய், உங்கள் கிண்ணத்துக்கு வந்தவை. அத்தான் என் பட்டறையில் வேலை முடிந்து வரும்போது தலைமயிரெல்லாம் வெள்ளை மணி ஒட்டியிருக்கும். நீங்கள் வாசலிலேயே நிறுத்தித் துடைப்பத்தால் தட்டுவீர்கள். அவர் குழந்தை போலக் குனிந்து நிற்பார்.

அவரைக் கொன்றேன். இப்போது உங்கள் கழுத்துக்குள்ளும் நான்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பட்டறை எரிந்த அன்று காலை அதன் பின்வாசலில் மிதவைகளை அடுக்கச் சொன்னபோது அத்தான் வந்து கையைப் பிடித்தார். "பின்வாசல அடைக்காதடா தல்சு. ஒண்ணுன்னா எப்படி வெளிய போறது?" என்றார். "நாளைக்குக் காலையில லாரி வந்துடும் அத்தான். ஒரு நாள்தான்" என்றேன். மதியத்துக்கு மேல் மிதவை வார்க்கும் இயந்திரத்தில் பொறி தெறித்தபோது நான் முன்வாசலுக்கு வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவர் பின்பக்கம் ஓடியிருக்கிறார். அங்கேதான் கிடந்தார்.

நீதிமன்றத்தில் "யாராவது எச்சரித்தார்களா?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றேன். வழக்கறிஞர் அப்படிச் சொல்லச் சொன்னார். அவர் மேல் பழி போடவில்லை, சொன்னது என் வாய்தான். உங்களுக்கு அனுப்பிய பதினோரு கடிதத்திலும் இதை எழுத உட்கார்ந்து, கடைசியில் வானிலையை எழுதி அனுப்பினேன்.

பதில் எழுத வேண்டாம். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

தல்சு

*

ஆகஸ்ட் 17, சொல்போ

தல்சுவுக்கு,

உயிரோடு இருக்கிறாயா? நான் இருக்கிறேன். மாத்திரை காலையில் மூன்று, இரவில் இரண்டு, தவறவில்லை. நடக்கச் சொன்னார்கள், கரையோரம் நடக்கிறேன்.

உன் கடிதத்தை மே மாதமே படித்தேன். பதில் எழுத மூன்று மாதம் ஆனது உன் மேல் கோபத்தால் என்று நினைத்திருப்பாய். நினைக்கட்டும் என்று நானும் விட்டுவைத்தேன். இந்த மூன்றரை வருடமும் அதைத்தானே செய்தேன்.

முதலில் நீ கேட்டது. ஆமாம், தெர்மாகோலும் இருந்தது. கொஞ்சம். எழுதினால் நீ சாப்பாட்டை நிறுத்திவிடுவாய் என்று விட்டுவிட்டேன். "எங்க கடல்லேர்ந்து வந்ததா?" என்று வைத்தியரிடம் கேட்டேன். "நூடுல்ஸ் கப்பு, மீன் பெட்டி, காத்துல பறக்கிற தூசி, எது வேணும்னாலும் இருக்கலாம். துகள்ல பேரு எழுதியிருக்காதும்மா" என்றார். அவருக்கே தெரியாததை நீ சிறையில் உட்கார்ந்துகொண்டு தீர்மானிக்காதே. என் கழுத்து உனக்குத் தண்டனை கொடுக்கும் இடம் இல்லை.

இனி மற்றது.

பட்டறை எரிந்த அன்று மதியம் உன் அத்தான் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கடற்பாசி சூப் வைத்திருந்தேன். உட்காரும்போதே, "உன் தம்பி பின்வாசல்ல சரக்க அடுக்கிட்டான். சொன்னாக் கேக்கல. சாப்பிட்டுப் போயி நானே எடுத்து வெளிய போடப்போறேன்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு நாள் விட்டுத் தொலைங்களேன். அவனே லாரி வருதுன்னு தவிச்சுக்கிட்டுக் கெடக்கான். எதுக்கெடுத்தாலும் அவன்கிட்ட மல்லுக்கு நிக்கணுமா?" என்றேன். சூப்பை முழுக்கக் குடித்தார். "சரி, உன் தம்பியாச்சே" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று மணிக்குக் கூடத்தின் ஜன்னல் வழியாகப் புகை தெரிந்தது.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவர் எடுத்துப் போட்டிருப்பார். செய்வேன் என்றால் செய்கிறவர்.

போலீஸ் என்னையும் கேட்டது. "வீட்டுல இதப் பத்தி ஏதாவது பேசினாரா?" "இல்லை" என்றேன். தம்பியைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று அவர் வீட்டு ஆட்கள் ஏசினார்கள். உன்னைக் காப்பாற்ற இல்லை. என்னைக் காப்பாற்ற. அவர் உடம்பை ஒப்படைத்தபோதும் ஒரு தாளை நீட்டி, சொந்தக்காரர் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். பேனா வழுக்கியது.

உன் கடிதங்களுக்கு ஏன் பதில் இல்லை என்று இப்போது தெரிகிறதா? நீ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாய். மன்னித்தேன் என்று எழுதினால் நான் அயோக்கியச்சி. மன்னிக்க மாட்டேன் என்று எழுதினாலும் அயோக்கியச்சி.

அழாதே. அறையில் ஆறு பேர் இருப்பார்கள்.

யோன்சில்

*

செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நடை தொடர்கிறதா? நான் நலம்.

அழுதேன். ஆம்புலன்ஸ்காரர் போர்வையை எடுத்து என் தலை மேல் போட்டுவிட்டு, மற்றவர்களைச் சீட்டாடக் கூப்பிட்டார்.

உங்கள் மேல் தப்பில்லை என்று எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன். நீங்கள் என்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கும் உதவியிருக்காது. ஒன்று மட்டும் சொல்வேன். நீங்கள் எனக்காகப் பேசிய வார்த்தை அது. என் பக்கம் பேச நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள்.

அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை, காலையில் விடுகிறார்கள். ஊருக்கு வர மாட்டேன். அத்தானின் ஆட்கள் இருக்கிற தெருவில் நான் எப்படி நடப்பது? மேற்குக் கரையில் ஒதுங்கும் குப்பையைப் பொறுக்க ஆள் எடுக்கிறார்களாம். தங்க இடமும் தருவார்களாம். அங்கே போகிறேன். அங்கிருந்து எழுதுகிறேன். இந்தத் தடவை வானிலையை எழுத மாட்டேன்.

லியெனுக்கு என் வணக்கம். கப்பலில் இருக்கிற அவள் கணவனையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி தல்சு

*

அக்டோபர் 6, சொல்போ

தல்சுவுக்கு,

நலம். வைத்தியர் பேருந்தில் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

பொறுக்கப் போகிறாயா, போ. குப்பை எங்கும் ஓடிவிடாது. அடுத்த மாதம் போய்க்கொள். பொறுக்கத்தான் வேண்டும் என்றால் சொல்போ கரையிலும் வேண்டிய மட்டும் கிடக்கிறது.

17ஆம் தேதி வாசலில் நிற்பேன். இங்கிருந்து இரண்டு பேருந்து மாற வேண்டும், அதனால் நேரம் ஆகலாம். நான் வருவதற்கு முன் வெளியே விட்டுவிட்டால் எங்கும் போகாமல் அங்கேயே நில். சிறையிலிருந்து வருகிறவர்கள் மறுபடி உள்ளே போகாமலிருக்கத் தோஃபு என்ற சோயாக் கட்டியைக் கொடுக்க வேண்டுமாம், லியென் வாங்கி வைக்கிறேன் என்று நிற்கிறாள். வேண்டாம் என்றேன். வெள்ளையாக ஒரு கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உன் முன்னால் நிற்க என்னால் முடியாது. வழியில் எங்காவது சூடாக நூடுல்ஸ் சாப்பிடலாம், பீங்கான் கிண்ணத்தில்.

அத்தானின் ஆட்களுக்கு நானே போய்ச் சொல்லிவிட்டேன். நீ வருவதையும், நான் அன்று மதியம் சொன்னதையும். அவருடைய தங்கை முழுவதையும் கேட்டாள். பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு தெருவில் பார்த்தால் பேசுவதில்லை. இனி நம் இரண்டு பேரிடமும் பேச மாட்டாள். அது அவள் உரிமை.

வீட்டில் நாம் என்ன பேசுவோம் என்று எனக்குத் தெரியவில்லை. பேசாமலும் இருப்போம். நான் மெதுவாகச் சாப்பிடுகிறேன், மெதுவாகப் படி ஏறுகிறேன், பார்த்துப் பயப்படாதே. உள்ளறையின் தரைக்கு அடியில் இருக்கும் கணப்பு இப்போது சூடாக வருகிறது, ஆளை வைத்துச் சரி செய்தேன். நீ அங்கே படுத்துக்கொள்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் அவருடைய கோட்டு தொங்குகிறது. அதை நான் இன்னும் எடுக்கவில்லை. நீயும் தொடாதே. உனக்கு வேறு ஒன்று வாங்கியிருக்கிறேன். தோள் அளவு நினைவில் இல்லை, பெரிதாகவே எடுத்தேன். பத்தாமல் போகாது.

அக்கா